ஒரு மணி நேரம் மூத்த முட்டைகள்

மேலூரிலிருந்து மதுரை வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள்.

"பழ ஈ முட்டைத் தட்டை ஒரு மணி நேரம் பிந்தித்தான்டி எடுத்தேன். லேபிள்ல வழக்கமான நேரத்தையே எழுதிட்டேன்."

"அடிப்பாவி! அந்தக் கருவுல ஒரே தாய் செல்லுதான் நேரத்துக்கு ஒரு வகை நரம்பு செல்லைப் பெத்துப் போடுது. ஒரு மணி நேரம்னா வேற நரம்புல்ல வந்து நிக்கும்?"

"தெரியும்டி."

"அந்த முட்டையை வச்சு, ஜீனை மாத்துனதாலதான் நரம்பு மாறுச்சுன்னு நம்ம கைடு மேடம் இன்னைக்கு மாநாட்டு மேடையில பேசப்போறாங்க. அதுக்கு முன்னாடி சொல்லிரு."

ஒத்தக்கடை தாண்டும்வரை தட்டை எடுத்தவள் மேடத்தின் நம்பரை எடுப்பதும் போனை அணைப்பதுமாக இருந்தாள். பிறகு அழைத்தாள்.

"மேடம், அந்த முட்டை..."

ஸ்பீக்கரில் உற்சாகமான குரல் கேட்டது.

"இப்பத்தாம்மா பேசி முடிச்சேன். அம்புட்டுக் கைதட்டு! உன் பேரையும் சொன்னேன்."