அண்ணனோட குழாயும் என்னோட குழாயும்

"ஹலோ... ஹலோ, அண்ணி! நான்தான்... ஆமா, லேப்ல இருந்துதான்... ஐயோ, பயப்படாதீங்க, நல்ல சேதி! ...இருங்க, இருங்க, முதல்ல நான் சொல்லிடறேன்."

ரத்தப் பரிசோதனைக் கூடத்து வராண்டாவில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊரின் மறுகோடி ஆஸ்பத்திரியில் அண்ணன். வைரஸ் நுரையீரலைப் பிடித்ததிலிருந்து மூச்சுக்கு மெஷின். அண்ணி அங்கேயே காவல்.

"அண்ணன் ரத்தம் வந்துச்சா, டெஸ்ட் ஓட்டினேனா... ஆமா, இன்னைக்கு எடுத்ததுதான்... ஒப்பிட்டுப் பார்க்க, நல்லா இருக்கிற ஆளோட ரத்தம் ஒரு குழாய் கூடவே வைப்போம்ல... ஆமா ஆமா, என்னோடதுதான்! நான்தானே இங்க ஆஸ்தான ஆரோக்கியசாலி... சிரிக்காதீங்க!

போன தடவை ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல்ல ஓடி வருமே வெள்ளை அணு, அது கிருமியை அடிக்கிறேன்னு வந்து நுரையீரலையே நொறுக்கிட்டிருந்தது... ஆமா, சண்டையை விலக்க வந்து பாத்திரத்தை உடைக்கிற சொந்தக்காரங்க மாதிரியேதான்... சேச்சே, உங்க பெரியப்பாவைச் சொல்லலை! ஆளைப் பார்த்து அடிக்கிற டி செல்லோ பேருக்குத்தான் இருந்தது...

குறுக்கே பேசாதீங்க அண்ணி! இன்னைக்குப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி! போச்சுடா, என் ரத்தத்தையே ரெண்டு தடவை வச்சுட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டு முதல்லேர்ந்து ஓட்டினேன்... இல்லை, தப்பே நடக்கலை! அது அண்ணனோடதேதான்! அந்த முரட்டுக் கூட்டம் கலைஞ்சு போச்சு, டி செல் திரும்பிடுச்சு... சரி, டாக்டர்தான் முடிவா சொல்லணும், ஆனா... இல்லை, அழலை, சளி...

என்ன, உங்களுக்கும் ஒரு சேதி சொல்லணுமா? முதல்லயே சொல்றதுக்கென்ன? ...நான் எங்க விடலை? ...சரி சரி, சொல்லுங்க... யார்கிட்ட குடுக்கறீங்க?

ஹலோ... யாரு? குரலே வரலை, கரகரன்னு... அண்ணே? ...மெஷினை எடுத்துட்டாங்களா? காலையிலயேவா?"

அவளுக்கு வாயடைத்துப்போயிற்று. பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை.

"...இருக்கேன், இருக்கேண்ணே, லைன்லதான் இருக்கேன்... நான் எங்க கத்தினேன்? ...என்னது? மூச்சு விட்டுப் பேசணுமா? நீ சொல்றியா அதை, எனக்கு? நீயா? ...ஹலோ? ...அண்ணே?"

நர்ஸ் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். லைன் அறுந்த போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அண்ணன் சொன்னபடி, அவள் ஒரு மூச்சு விட்டாள்.