மூன்று பூஜ்யங்கள்

உருளைக்கிழங்கு சாலட்டை நூற்றிரண்டு டிகிரி வெயிலில் அரைமணி நேரம் திறந்து வைத்தால் கெட்டுப்போகும். பத்தொன்பது வருடமாக பொழுதுபோக்காக ராக்கெட் விடும் எங்கள் சங்கத்துக்கு அதை நான்தான் செய்து எடுத்துப்போகிறேன். ஐஸ் பெட்டிக்குள் இன்னொரு ஐஸ் பெட்டி வைத்து, மேலே ஈரத்துண்டு போட்டு எடுத்துப்போவேன். இதுவரை ஒருவருக்கும் வயிற்றைக் கலக்கியதில்லை.

நீங்கள் சாலட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரியும். நான் கவனமானவள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளட்டுமே என்று சொன்னேன்.

டுவெய்ன் கில்பர்ன் இறந்து ஐந்து வாரமாகிறது. வால்வில் மணல் அடைத்துக்கொண்டது, அழுத்தமானி தப்பான எண்ணைக் காட்டியது என்று உங்கள் போலீஸ் அலுவலக அறிக்கையில் இருப்பதாகச் சங்கத் தலைவர் ஹாலிஸ் சொன்னார். வால்வு அடைத்தது உண்மை. மானி ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்காகத்தான் உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். செய்யாத தப்புக்கு ஒரு கருவியின் மேல் பழி விழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் வெர்ன் உள்ளே அறையில் இருக்கிறார். காது சரியாகக் கேட்காது, சாதாரணமாகவே பேசலாம்.

நான் பயந்த சுபாவம். அதை மறைத்ததில்லை. ஆறு வருடம் முன்பு வெர்னுக்கு மாரடைப்பு வந்தது. முப்பது வருடம் பள்ளி பஸ்களின் அடியில் படுத்து வேலை பார்த்த மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மாடிப்படி ஏறக்கூட என்னைக் கேட்டார். "நோரி, ஏறலாமா?" என்பார். கடைக்குத் தனியாகப் போகமாட்டார். நெஞ்சில் கைவைத்து, "இது வாயுவா, வேற ஏதாவதா, நீயே சொல்லு" என்பார். நான் காதை வைத்துக் கேட்டு, "வாயுதான்" என்பேன். உடனே நிம்மதியாவார். அந்த மூன்று வருடங்கள் எங்களுக்கு நன்றாக இருந்தன.

அப்புறம் டுவெய்ன் வந்தான்.

அவன் ஹைப்ரிட் மோட்டார் ஆள். மற்றவர்கள் விடுகிற மோட்டாரில் எரிபொருளும் அதை எரிக்கும் மருந்தும் ஒரே கட்டியாக இருக்கும். ராக்கெட்டை நிறுத்தும் கம்பியில் மாட்டிவிட்டு வந்தால் பொத்தானை அழுத்தும்வரை சமர்த்தாகத் தூங்கும். ஹைப்ரிட் அப்படி இல்லை. கீழே எரிபொருளாக ஒரு பிளாஸ்டிக் உருளை, மேலே ஒரு காலித் தொட்டி. எல்லோரும் ஆயிரம் அடி தள்ளி வந்தபிறகு, மேஜையிலிருந்தபடியே குழாய் வழியாகத் தொட்டியில் சிரிப்பு வாயுவை ஏற்றவேண்டும். பல் டாக்டர் கொடுப்பாரே, அதேதான். பற்றவைத்தபின் அது கிளம்பினால் அந்தச் சத்தத்துக்கு ஈடு கிடையாது. கிளம்பாவிட்டால், நிறைந்த தொட்டியோடு கம்பியில் நிற்கும். அப்படி நிற்பதன் பக்கத்தில் யாரும் போகக்கூடாது.

முதல் நாள் எங்கள் வாசலில் நின்று, "மேடம், உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் இரவல் குடுங்க. சாயங்காலம் கீறல் விழாம திருப்பிக் குடுத்துடறேன்" என்றான்.

"அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்த உடம்பு, டுவெய்ன்."

"எனக்கு மூணு பொண்டாட்டி வந்துட்டுப் போன உடம்பு. ரெண்டு பேருக்கும் சேதம் ஒண்ணுதான்."

வெர்ன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. "சும்மா பாத்துட்டு வந்துடறேன், நோரி" என்று தொப்பியை எடுத்தார். போகலாமா என்று கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் அவர் ஏணி ஏறினார். தனியாக லாரி ஓட்டினார். மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்குமுன் தானே விழுங்கினார். எங்கள் கராஜில் டுவெய்னோடு உட்கார்ந்து பிளாஸ்டிக் உருளைகளைக் கடைந்தார். நான் தினமும் பயந்தேன். அவர் கையில் எதுவோ வெடிப்பதுபோல நினைப்பு வரும். பாத்திரம் கழுவும்போது வரும், சர்ச்சில் பாட்டின் நடுவில் வரும். அவருக்குத்தான் வரவில்லை.

அந்தப் பயத்தினால்தான் ஏவுமேஜை வேலையை நானே கேட்டு வாங்கினேன். அந்த மேஜையில் வாயுவை ஏற்றும் விசை, வெளியேற்றும் விசை, பற்றவைக்கும் பொத்தான், அழுத்தத்தைக் காட்டும் சின்னத் திரை எல்லாம் இருக்கும். பாலைவன வெயிலில் திரை தெரியாது. அதனால் அட்டைப் பெட்டியை வெட்டிக் கூண்டுபோல மூடியிருப்போம். குனிந்து உள்ளே பார்க்கிறவருக்கு மட்டும்தான் எண் தெரியும். அந்த நாற்காலி என்னுடையது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஹைப்ரிட் பற்றாமல் நின்றுவிட்டால், வாயுவை வெளியேற்றிவிட்டு, மேஜையில் இருப்பவர் ஒலிபெருக்கியில் அழுத்தத்தைப் படிக்கவேண்டும். ஒரு நிமிடம் விட்டு ஒரு நிமிடம், மூன்று தடவை. மூன்றாவது பூஜ்யம் காதில் விழும்வரை யாரும் ஆயிரம் அடியில் கட்டிய ஆரஞ்சுக் கயிற்றைத் தாண்டமாட்டார்கள். விழுந்தபின் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று வைத்திருந்தோம்.

டுவெய்ன் கிண்டல் செய்வான். "பூஜ்யம் சொல்றதுல நோரீன் மேடத்த அடிச்சுக்க ஆளில்ல. பள்ளிக்கூடத்துல என் பேப்பர் திருத்தினதே இவங்கதான் போலிருக்கு."

ஜூன் முதல் வாரம் கராஜுக்குக் காபி எடுத்துப்போனேன். கதவு ஒருக்களித்திருந்தது.

"ஆகஸ்ட்ல ரெண்டு வாரம். டிரெய்லர்லயே படுத்துக்கலாம். முப்பதாயிரம் அடி உயரம் விடலாம், வெர்ன். வீட்டுல சொல்லிட்டியா?" இது டுவெய்ன்.

"சொல்லணும்."

"பயமா?"

"அவளுக்குத்தான் பயம். எனக்கென்ன? வெடிச்சா ஒரே சத்தத்துல போயிடுவேன். அந்த சோபாவுல உக்காந்து இன்ச் இன்ச்சா சாகறதுக்கு இது எவ்வளவோ மேல்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தட்டைத் திருப்பி எடுத்துவந்து காபியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். கோபமில்லை. இரண்டு வாரம் என் கண்ணில் படாத இடத்தில் அவர் இருப்பாரே என்ற நடுக்கம்தான்.

அந்தச் சனிக்கிழமை காய்ந்த ஏரியில் நாற்பது பேர் இருந்தோம். டுவெய்னின் ராக்கெட் பதினான்கு அடி உயரம். மதியம் இரண்டு மணிக்கு வாயுவை ஏற்றினேன். திரையில் எண்ணூறு. ஹாலிஸ் ஐந்திலிருந்து எண்ணினார், நான் பொத்தானை அழுத்தினேன். அடியில் கொஞ்சம் சாம்பல் புகை வந்தது. அவ்வளவுதான்.

"என்னய்யா டுவெய்ன், சிகரெட் பிடிக்கவா கூட்டிட்டு வந்தே அத?" என்று யாரோ கத்தினார்கள்.

வெளியேற்றும் விசையைத் தட்டினேன். எண் இறங்கியது. எழுநூறு. அறுநூற்று நாற்பது. அங்கேயே நின்றது. மறுபடி தட்டினேன். நின்றது. குளிர்நாளாக இருந்தால் வாயு வெளியேறுவது வெள்ளையாகத் தெரியும். அந்த வெயிலில் எதுவும் தெரியாது.

"நோரீன், என்ன நெலவரம்?" என்றார் ஹாலிஸ்.

"இறங்குது" என்றேன். அது முழுப் பொய் இல்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு பயம் போதும். டுவெய்ன் போய்க் குழாயைத் தொடுவான், உஸ்ஸென்று சீறும், அவன் நாற்பது பேர் முன்னால் மண்ணில் மல்லாந்து விழுவான். வெர்ன் அதைப் பார்ப்பார். தனக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பது நினைவு வரும். அதற்குமேல் நான் எதுவும் விரும்பவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மைக்கை எடுத்து, "பூஜ்யம்" என்றேன்.

ஒரு நிமிடம் நீளமானது. டுவெய்ன் பாட்டிலைத் திறந்து குடித்தான். கம்பியின் அடியில் புகை இன்னும் நூலாக வந்துகொண்டிருந்தது. அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. மேலே தொட்டியில் வாயு. நடுவில் பாதி கருகிய ஒரு குழாய்.

"பூஜ்யம்."

இரண்டாவது நிமிடத்தில் நான் எதையும் நினைத்ததாக ஞாபகமில்லை.

"பூஜ்யம். போகலாம்."

டுவெய்ன் மேஜைக்கு வந்து பாதுகாப்புச் சாவியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கம்பிப் பக்கம் போகிறவன் அதை எடுத்துப்போகவேண்டும். அவன் அங்கே இருக்கும்போது இங்கே யாரும் தவறிப்போய்ப் பொத்தானை அழுத்திவிடக்கூடாது. "இப்ப நான்தான் பாஸ், மேடம்" என்று கண்ணடித்தான். வெர்ன் ஏணியைத் தோளில் தூக்கினார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க எங்க?"

"ஏணிய யார் பிடிக்கறது?"

"ஹாலிஸ் போகட்டும்."

"ஹாலிஸுக்கு முட்டி வலி. நடந்து போயிட்டு வர எட்டு நிமிஷம். எதுக்கெடுத்தாலும் மூஞ்சிய அப்படி வச்சுக்காத, நோரி."

அவர் கயிற்றைத் தாண்டினார். முன்பெல்லாம் தாண்டுமுன் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையசைப்பேன். அன்று பார்க்கவில்லை.

ஆயிரம் அடி நடக்க நாலு நிமிடம் ஆகும். மைக் என் கையில்தான் இருந்தது. "வெர்ன், நில்லுங்க" என்றால் போதும். நீங்கள் கேட்க வருவது அதுதானே. சொல்லியிருக்கலாம். சொன்னால், மூன்று பூஜ்யமும் பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அந்த நாற்காலியில் என்னை உட்காரவிடமாட்டார்கள். பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வது? வெயிலில் தொட்டி சூடாகி எண் அறுநூற்று அறுபதானது. நான் அதையும் கவனித்தேன். அவர் முதுகையும் கவனித்தேன். ஒருதரம்கூட அது திரும்பவில்லை.

டுவெய்ன் கையுறையை வழியில் தவறவிட்டிருந்தான். ஏணியைச் சாத்தியபின் வெர்ன் அதை எடுக்க முப்பது அடி திரும்பி நடந்தார். டுவெய்ன் காத்திருக்கவில்லை. வெறும் கையால் குழாயைப் பிடித்து இழுத்தான்.

சத்தம் எங்களுக்கு ஒரு நொடி கழித்துத்தான் வந்தது. அதற்குள் அங்கே ஏணி இல்லை. எல்லோரும் ஓடினார்கள். நான் குனிந்து கூண்டுக்குள் பார்த்தேன். அப்போதுதான் அது பூஜ்யத்தைக் காட்டியது.

வெர்னுக்கு முதுகில் தீக்காயம், இடது காது முழுவதும் போய்விட்டது. நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். கராஜைப் பூட்டிவிட்டேன். ஆகஸ்ட் பயணம் இல்லை. மறுபடியும் எல்லாவற்றுக்கும் திடுக்கிடுகிறார். நான் பின்னால் வந்து நின்றால் கையிலிருப்பதைப் போட்டுவிடுகிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நோரி, திரையில என்ன இருந்துச்சு?"

"பூஜ்யம்" என்றேன்.

என்னை வெகுநேரம் பார்த்தார். ஆறு வருடத்தில் அவர் என் முகத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. "சரி" என்றார். அதற்குப்பின் பேச்சில்லை. நான் சமைத்ததைத் தொடுவதில்லை. ரொட்டியும் டப்பா மீனும் தானே எடுத்துப்போகிறார். மருந்து நாக்கைக் கெடுத்திருக்கும். பகலிலும் அறைக்குள் தாழ் போட்டுக்கொள்கிறார், கதவுக்கு முட்டாக அலமாரியை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. அந்த வெடிச்சத்தம் மனதில் அப்படிப் பதிந்துவிட்டது, பாவம். நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அவருக்காகத்தான் செய்தேன் என்பது உங்கள் எழுத்தில் இருந்தால் அவர் நம்புவார். அவ்வளவுதான் நான் கேட்பது.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கைப்பையை எடுத்துக்கொண்டு உங்களோடு வருகிறேன். கதவை மட்டும் நீங்கள் தட்டவேண்டாம், நானே தட்டிச் சொல்கிறேன். இந்த வீட்டில் இனி நான் இருக்கமாட்டேன் என்று வேறு யாராவது சொன்னால், அவர் ரொம்பப் பயந்துபோவார்.