எழுபத்தொன்று புள்ளி நான்கு

எடை மெஷினை எப்போதும் வெறும் தரையில்தான் வைக்க வேண்டும், சார். நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. கனமான கால்மிதியின் மேல் வைத்தால் மெஷினின் அடிப்பாகம் அதில் அழுந்தி, பாரத்தில் ஒரு பங்கைத் துணி வாங்கிக்கொள்ளும். எண் குறைந்துவிடும். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல், தினமும் ஒரே துணியோடு ஏற வேண்டும். எல்லாம் என் கணவர் சொல்லிக்கொடுத்தது.

அவர் ஒரு தொழிற்சாலையில் பொட்டலங்களின் எடையைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். வீட்டில் நான்தான் பொட்டலம். கல்யாணமான வாரத்திலிருந்து இருபத்தாறு வருஷம், தினமும் காலையில் என்னை ஏற்றிப் பார்த்துக் காலண்டரில் குறித்துவைப்பார். ஐம்பத்துநான்கு இருக்க வேண்டும். கூடினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார், அந்த விஷயத்தில் தங்கமான மனுஷன். தலை சுற்றுகிறது என்றால், "மெஷின் சரியாத்தானே காட்டுது, அப்புறம் என்ன?" என்பார். வயிற்றில் பிள்ளை இருந்த ஐந்து மாதமும் அந்த எண்ணைத் தாண்ட விடவில்லை. பிள்ளை தங்கவில்லை. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பியபோது டாக்டர் என்னிடம் சொன்னார்: "தினமும் எடை பாருங்கம்மா. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. அது சதை இல்ல, நீர். நுரையீரல்ல கோத்துக்கிட்டா காப்பாத்துறது கஷ்டம்."

அன்றைக்கு அவர் எடை எழுபத்தொன்று புள்ளி நான்கு. தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு நர்ஸ் போன் செய்து எடையைக் கேட்பார். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் சரியான எண்ணைச் சொன்னேன். வேண்டுமானால் அந்த நர்ஸையே கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை எழுபத்திரண்டு புள்ளி ஐந்து காட்டியது. அவருக்கு முகம் செத்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. "இறங்குங்க, மெஷின் சரியா உக்காரல" என்றேன். பக்கத்தில் கிடந்த கால்மிதியின் ஓரத்தில் மெஷினின் ஒரு காலை ஏற்றிவைத்தேன். எழுபத்தொன்று புள்ளி நான்கு. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸிடமும் அதையே சொன்னேன். மெஷின் காட்டியதைத்தானே சொன்னேன்? எனக்குப் பொய் சொல்ல வராது, சார்.

புதன்கிழமை மெஷினின் இரண்டு கால்கள் கால்மிதியில் இருந்தன. வெள்ளிக்கிழமை மூன்று. வயிறு உப்பியிருந்ததால் அவரால் குனிந்து பார்க்க முடியவில்லை. எண்ணைப் படித்துச் சொல்வது நான்தான். செருப்பு நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கிவிட்டது. சனிக்கிழமை வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"எடை ஏறவே இல்லியே. மெஷின் சரியாத்தானே காட்டுது."

தலையாட்டினார். தன் மூச்சைவிட அவருக்கு அந்த எண்மேல்தான் நம்பிக்கை. நான் அவரை வற்புறுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. அவராகத்தான் போய்ப் படுத்தார்.

கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. சந்தோஷமும் இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவுமே தோன்றவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அதனால் மெஷினை எடுக்கவில்லை. எட்டு மணிக்கு நர்ஸ் போன் செய்தார்.

"எடை எவ்வளவும்மா?"

"எழுபத்தொன்னு புள்ளி நாலு."

"மூச்சுத் திணறல் எதுவும் இருக்கா?"

"இல்லம்மா. நல்லாத் தூங்குறாரு" என்றேன். அடுத்த அறையிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.