நத்தைக்குப் பாவம் பார்த்தவர்

— காசு கேட்டு வரலை அண்ணே. இந்த ரெண்டு மூட்டையையும் எடுத்துக்கிட்டாப் போதும். தள்ளுவண்டி வாடகை வண்டி, மழை வர்றதுக்குள்ள திருப்பி விடணும்.

— அதாவது பாருங்க தங்கச்சி, வித்த தீவனத்தைத் திருப்பி எடுக்கற பழக்கம் நம்ம கடையில கிடையாது. வீட்டுலயே இருக்கட்டும். ஆடு இருக்கற வீட்டுல தீவனமா மிஞ்சப் போவுது?

— ஆடு இல்லண்ணே.

— வித்துட்டீங்களா?

— செத்துப் போச்சு. ஆறும். ஒன்பது நாள்ல.

— என்னம்மா சொல்றீங்க? மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லி விடலையே.

— அவர் யார்கிட்டதான் சொன்னார்.

— உக்காருங்க. அந்த டின் மேல வேண்டாம், மூடி ஆடும். இப்படி மூட்டை மேலயே உக்காருங்க. எதனாலயாம்?

— நத்தையால.

— நத்தையாலயா?

— ஓடில்லாத நத்தை. விரல் நீளத்துக்கு, வழவழன்னு. உங்களுக்குத் தெரியாததா? போன மழைக்கு அதுக்கு மருந்து வாங்கிட்டு வாங்கன்னு அவரை நான்தானே உங்ககிட்ட அனுப்பினேன்.

— வந்தார், வந்தார். பச்சை உருண்டை டப்பாவை எடுத்துக் குடுத்தேன். சும்மா தூவி விடுங்க, விடிஞ்சாச் சுத்தம்னேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு, இதுல என்ன இருக்கு, அது வயித்துக்குள்ள போய் என்ன பண்ணும்னு எனக்கே பாடம் எடுத்தார். அப்புறம் டப்பாவை வெச்சுட்டு, எட்டு செங்கல் கிடைக்குமான்னு கேட்டார்.

— அவருக்குத் தெரியாத விஷம் உண்டா அண்ணே? பதினாலு வருஷம் பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனியில இருந்தவராச்சே. ஓட்டல், ஆஸ்பத்திரி, கிடங்குன்னு முதுகுல டாங்கைக் கட்டிக்கிட்டுச் சுத்தினார். கரப்பான், கரையான், எலி, எதையும் விட்டுவைக்கலை. நெஞ்சு கெட்டுப் போய், நாலு படி ஏறினா மூச்சு இரைக்குதுன்னு ஆனப்புறம்தான் வேலையை விட்டார். விட்ட அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? சாவுல எனக்குன்னு ஒரு பங்கு இருந்தா அதை நான் முடிச்சுட்டேன், இனிமே என் கையால ஒரு எறும்பும் போகாதுன்னார். அடுத்த வாரமே போய் முதல் ஆட்டைப் புடிச்சுக்கிட்டு வந்தார். சண்டைக்காரின்னு பேரு வெச்சதும் அவர்தான்.

— வேலியில முட்டிக்கிட்டே நிக்குமே, அதுவா?

— அதுதான். அது பெத்தது, அது பேத்தின்னு ஆறாச்சு. பின்பக்கம் கொட்டகை, அதை ஒட்டித் தீவன அறை. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மழை புடிச்சதும் நத்தை வர ஆரம்பிச்சுது. கேளுங்க, மூட்டையைத் தூக்கினா அடியில பத்து, சுவத்துல ஏழு, தாழ்ப்பாள்ல ஒண்ணு. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டா ஆச்சு, எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டேன். உப்புப் பட்டா அது எப்படிச் சாகும்னு சொன்னார் பாருங்க, அன்னிக்கு நான் சாப்பிடலை.

— கொல்லாம என்ன பண்ண முடியும், அதைச் சொல்லுங்க.

— அவர் பண்ணாததா? உங்ககிட்ட வாங்கின செங்கல் மேல பலகை போட்டு மூட்டையெல்லாம் தரையை விட்டு ஏத்தினார். சுவத்துலேர்ந்து ஒரு முழம் தள்ளி வெச்சார், நடுவுல தொடைப்பம் போய் வரணுமாம். பிரிச்ச தீவனத்துக்கு மூடி போட்ட தகர டிரம். தொட்டிக் குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சு, நான் ரெண்டு வருஷமா கத்தினப்போ காதுல ஏறலை. நத்தைக்குன்னதும் ஒரே நாள்ல வாஷர் மாத்தினார். கொட்டகையைச் சுத்திப் புல்லைச் செதுக்கினார். அழுகின மரம், உடைஞ்ச ஓடு எல்லாத்தையும் அப்புறப்படுத்தினார். எரிஞ்சு போன மோட்டாரைப் பிரிச்சு, செம்புக் கம்பியைத் தட்டித் தட்டித் தகடாக்கி, டிரம் நிக்கற கட்டைக் கால்ல ஒட்டியாணம் மாதிரி சுத்தினார். அதைத் தாண்டறதுக்கு நத்தை யோசிக்குமாம். எனக்கு ஒரு மோதிரம் வாங்கிக் குடுக்க இப்படி யோசிச்சிருப்பாரான்னு கேட்டேன்.

— ஹா. அதுக்கு என்ன சொன்னார்?

— மோதிரம் போட்டா நீ என்னைத் தாண்ட மாட்டியான்னார். வாய் மட்டும் குறைச்சல் இல்லை. அப்படியும் உள்ள வந்ததுக்கு ஈரச் சாக்கு. சாயங்காலம் சுவரோரமா நனைச்ச சாக்கை விரிச்சு வெச்சா, காலையில அதுக்கு அடியில எல்லாம் வந்து சுருண்டு கிடக்கும். மரக் கரண்டியால மெதுவா எடுத்து, வாளியில போட்டு, காய்ஞ்சு போயிடக் கூடாதுன்னு ஈர இலையைப் போர்த்தி, ஓடையைத் தாண்டிப் புதருக்குள்ள விட்டுட்டு வருவார். மூச்சு வாங்கிக்கிட்டு வந்து உக்காருவார். எங்க மாமியாரைக்கூட நாங்க இவ்வளவு மரியாதையா வழி அனுப்பினது இல்லை.

— வேலைக்கு ஆச்சா அது?

— குறைஞ்சுது. வாளி நிறைய வந்தது, அஞ்சு ஆறுன்னு ஆச்சு. எனக்கே ஒரு இது. பொறுமைசாலி ஜெயிச்சுட்டார்னு நினைச்சேன். சரியா அந்த நேரம் பார்த்து சண்டைக்காரி தீவனத்தை மோந்துட்டு விலகி நின்னா. மறுநாள் தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்தா. மூணாம் நாள் முட்டறதுக்கு வேலி எங்கன்னு தெரியாம சுவத்துல நெத்தியை வெச்சுக்கிட்டே நின்னு, அப்படியே சரிஞ்சா. அப்புறம் வரிசையா. கடைசிக் குட்டியை அவர் மடியில போட்டுக்கிட்டு, துணியை நனைச்சுப் பால் புழிஞ்சார். அதுக்கு முழுங்கத் தெரியலை.

— மாட்டு டாக்டர் பார்க்கலையா?

— ரெண்டு தடவை வந்தார். ஊசி போட்டார். ரெண்டாந்தடவை தீவனத்தைக் காட்டுங்கன்னார். டிரம் மூடியைத் திறந்தா, உள்ள கட்டி கட்டியா, பச்சையாப் பூஞ்சை. ஈரம் பட்டிருக்கு, இதுதான் காரணம், ஈரம் எப்படி உள்ள போச்சுன்னு கேட்டார். நான்தான் மூடியோட உள்பக்கத்தைக் காட்டினேன். வெள்ளிக் கோடு மாதிரி, நத்தை ஊர்ந்த தடம்.

— டாக்டர் தீவனத்தைக் கொஞ்சம் கையோட எடுத்துட்டுப் போனாரா? பரிசோதனைக்கு, அது இதுன்னு?

— எதுக்கு? அதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதே.

— இல்ல, சும்மா கேட்டேன். சொல்லுங்க.

— டாக்டர் போனப்புறம் நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆறு குழி வெட்டின வீடு அண்ணே, எனக்கும் நெஞ்சு கொதிச்சுது. ஊர்ந்து போற சனியனுக்கெல்லாம் பாவம் பார்த்தீங்க, உங்களை நம்பி நின்ன ஆறு உசுருக்குப் பார்க்கலையேன்னு கேட்டேன். உங்க புண்ணியத்துக்கு அதுங்க செத்துச்சுன்னேன்.

— மாப்பிள்ளை?

— கையில அந்த மரக் கரண்டி இருந்துச்சு. அதைக் கழுவி, துடைச்சு, ஜன்னல்ல வெச்சார். மறுநாள் காலையில நான் எழுந்து பார்த்தா, பழைய கம்பெனி காக்கி உடுப்பைப் போட்டுக்கிட்டு நிக்கறார். அது வீட்டுல இருக்கறதே எனக்குத் தெரியாது. உடம்பு வத்திப் போய், சட்டை தொளதொளன்னு தொங்குச்சு. கையுறை, முகமூடி எல்லாம் மாட்டியிருந்தார். சமையல்கட்டுல உப்பு ஜாடி காலியா இருந்துச்சு.

— அடடா.

— கோபமாப் பண்ணியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. மூலையிலேர்ந்து ஆரம்பிச்சு, ஒரு முழம் விடாம, பலகையைத் தூக்கி, செங்கல்லைப் புரட்டி, வேலையாளு வேலை பார்க்கற மாதிரி. அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் போனார். அவரே கொண்டுபோய் விட்டாரே, அதுங்களையும் தேடித் தேடி. திரும்பி வந்து தரையைக் கழுவி விட்டார். நான் காபி கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கிக்கிட்டார். ஆடு இல்லாத கொட்டகைக்கு எதுக்குங்க இதுன்னு கேட்டேன். நீ சொன்னது சரிதான்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட சண்டை போடலை, கிண்டல் பண்ணலை. கேட்டதுக்குப் பதில் வருது, சொன்ன வேலை நடக்குது.

— நாள் போனாச் சரியாயிடும். ரெண்டு குட்டி வாங்கி விடுங்க.

— யார் பார்த்துக்கறது? திங்கக்கிழமைலேர்ந்து அவர் பழைய கம்பெனிக்குப் போறார்.

— அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டா?

— போய் அவரே கேட்டிருக்கார். ஆள் பத்தலைன்னு உடனே சேர்த்துக்கிட்டாங்க. நெஞ்சைப் பார்த்த டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னார். இன்னும் ரெண்டு வருஷம் அந்த மருந்தைச் சுவாசிச்சா என்ன ஆகும்னு தெரியும்லன்னேன். அதுக்கும் தெரியும்னார். எனக்குக் கை வந்தது அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் எனக்கு எதுக்குன்னுட்டு டாங்கை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். ராவெல்லாம் இருமல். என் நாக்கு பண்ணின வேலை அண்ணே. ஆனா நான் சொன்னதுல பொய் இல்லையே, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கே அந்த டப்பாவை வாங்கிட்டு வந்திருந்தா ஆறும் நின்னுக்கிட்டு இருக்கும். அந்த ஒண்ணைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் வீட்டுல நடமாடறேன்.

— தங்கச்சி, தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம். இருட்டிக்கிட்டு வருது. நீங்க எடுக்க மாட்டேன்னா விடுங்க, தப்பா நினைக்கலை. செங்கல் சூளைக்காரர் ரெண்டு கழுதை வெச்சிருக்கார், போற வழிதான். இது பிரிக்காத மூட்டை, நத்தை வாய் வைக்காதது. அங்க எறக்கிட்டுப் போறேன்.

— வேண்டாம்.

— எது வேண்டாம்?

— கழுதைக்கு வேண்டாம். வண்டியை விடுங்க, நானே எடுத்துக்கறேன்.

— இவ்வளவு நேரம் பழக்கமில்லைன்னீங்க.

— எடுத்துக்கறேன்னு சொல்றேன்ல.

— என்ன அண்ணே? மூட்டையை இப்படிக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க.

— இந்த மூட்டை வந்த லோடு எறங்கறப்பவே நனைஞ்சிருந்துச்சு. தார்ப்பாய் கிழிஞ்சு போய், பாதி லாரி மழையில. திருப்பி அனுப்பியிருக்கணும். மொட்டை மாடியில கொட்டிக் காயவெச்சேன். கட்டியைத் தட்டி உடைச்சு வேற சாக்குல மாத்தித் தைச்சேன். மோந்து பார்த்தேன், ஒண்ணும் தெரியலை. தெரியலைன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

— இல்ல. நத்தைதான். தடம் இருந்துச்சே, நான் என் கண்ணால பார்த்தேனே.

— தடம் இருந்திருக்கும். மூடி திறந்திருந்தப்ப ஒண்ணு ஏறிப் போயிருக்கும். அதாவது... அதாவது பாருங்க, அந்த லோடுல வாங்கினது நீங்க மட்டும் இல்லை. போன வாரம் மேட்டுத் தெரு பால்காரர் வந்து, இப்போ நீங்க உக்காந்திருந்த எடத்துலதான் உக்காந்து அழுதுட்டுப் போனார். ஒரு பசு, ரெண்டு கன்னுக்குட்டி. அவர் கொட்டகைக்கு நான் போயிருக்கேன் தங்கச்சி. மாடு நிக்கற எடம், தீவனம் வெக்கற எடம் எல்லாம் சிமெண்டுத் தளம். அங்க ஒரு நத்தைகூடக் கிடையாது.