முதல் பொட்டலம்

நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள் சார், நன்றி. சுங்கை சிப்புட்டில் என் மருந்துக்கடை நாற்காலி இதைவிட மோசம். முட்டிவலிக்காரர்கள் அதிலிருந்து எழுந்திருக்கவே சிரமப்படுவார்கள்.

முடக்கத்தான், சுக்கு, மிளகு. என் முட்டிவலிப் பொடியின் லேபலில் இவ்வளவுதான் இருக்கும். பச்சிலை என்றால் நம் ஆட்களுக்குப் பயமே கிடையாது. ஆனால் அதற்கு வலி கேட்க மாசக்கணக்காகும், அதுவரை பொறுக்க ஒருத்தருக்கும் மனசில்லை. அதனால் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்தேன். உங்கள் சுகாதார இலாகா லேப் சொன்னது சரிதான்.

சோதிக்காமல் நான் எதையும் விற்றதில்லை. புதுக் கலவை என்றால் முதல் பொட்டலத்தைச் சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்து, பாப்பா அக்காவிடம் கொடுப்பேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவள் அவள். "தம்பின்னா இப்படி இருக்கணும்லா" என்று கடையில் நிற்பவர்கள் மெச்சுவார்கள். அவளுக்குத் தூக்கம் கெட்டால் அளவைக் குறைப்பேன். முகம் உப்பியபோது, தம்பி வீட்டுச் சாப்பாடு என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

மூன்று வருடம் ஓடியது, அக்கா ஒரு நாளும் பொடியை விட்டதில்லை. வாங்குகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் விற்பது பொறுப்பில்லாத வேலை. தைப்பூசம் முடிந்த வாரம், மாத்திரை கலக்காத பொடியை அக்காவுக்குக் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயத்திலேயே படுத்துவிடுவாள்.

மூன்றாம் நாள், "தம்பி, இந்த வாட்டி மருந்துல என்னமோ கொறையுதுலா. நிக்கவே முடியல" என்றாள். மறுநாள் வாந்தி, மயக்கம். மாத்திரை மேசை டிராயரில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் எழுந்திருப்பாள், ஆனால் செய்த சோதனை பாதியில் நின்றிருக்கும். ஐந்தாம் நாள் விடிவதற்குள் போய்விட்டாள். அழுதேன் சார், பொய்யில்லை.

அடுத்த லேபலிலேயே 'திடீரென நிறுத்தக் கூடாது' என்று அச்சடித்தேன். அந்த வரி அக்கா போட்ட பிச்சை.

இரண்டு வருடமாக முதல் பொட்டலம் என் மனைவி விமலாவுக்கு. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமை நீங்கள் கடையில் இருந்ததையெல்லாம் அள்ளியபோது, வீட்டில் அவளுக்கென்று வைத்திருந்த டப்பாவையும் எடுத்துவிட்டீர்கள். இன்று வியாழன். காலையில் லாக்கப்பில் என்னைப் பார்க்க வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். இந்த முறை நிறுத்தியது நான் இல்லை, நீங்கள்.