என் வயலின் செய்தி என் தம்பிக்கு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கருவிகள் தந்த நிறுவனத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, தாயை இழந்து நிற்கும் அக்காவின் மகளே, மருமகனே, வரப்புக்கு வரப்பு சண்டை போட்டாலும் இன்று ஒரே கூரையின் கீழ் கூடியிருக்கும் பாசன சங்கத்து உறவுகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களுக்கு யாரும் நேரம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை. கடைசி ஆளாகப் போட்டுவிட்டு, "சுருக்கமா முடிங்க பெரியவரே" என்று காதில் சொல்கிறார்கள். எனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பேசுவேன். நம் அக்கா இங்கே இருந்திருந்தால், "அண்ணன் மைக்கைப் புடிச்சா விட மாட்டாரு, எல்லாரும் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காருங்க" என்று முன்கூட்டியே அறிவித்திருப்பார்.

அவர் என்னைவிட இளையவர். ஊரே அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். வெளியாள் யாராவது கேட்டால் எங்களில் யார் மூத்தவர் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

நான் அழ வரவில்லை. மதியச் சாப்பாடு முடித்து, சங்க அலுவலகத்து ஜன்னலோர நாற்காலியில், பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்தபடி போய்விட்டார். நோயில்லை, படுக்கையில்லை. செய்ய நினைத்ததைச் செய்து முடித்துவிட்டுப் போன மனிதர் அவர். அதற்கு அழுவதா? அப்படியொரு சாவு எனக்கு வாய்த்தால் நீங்களும் அழ வேண்டாம்.

ஆனால், இங்கே பேசியதில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். "விவசாயிகள் புதிய தொழில்நுட்பத்தை ஆர்வத்தோடு வரவேற்றார்கள்" என்று மேலாளர் சொன்னார். யார் வரவேற்றது? ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்! நான் எதிர்த்தேன். பால்காரர் எதிர்த்தார். தலைவரே, அன்றைக்கு நீங்களும் என் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்த்தீர்கள். இன்றைக்கு மேடையில் உட்கார்ந்திருப்பதால் அது மறந்துவிடுமா?

யார் இந்த அக்கா? பழைய தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகைக்கு முன் காலமெல்லாம் உட்கார்ந்தவர். ஒரு கம்பியை எடுத்து இன்னொரு துளையில் செருகி, ஒரு வீட்டின் குரலை இன்னொரு வீட்டுக்கு அனுப்பியவர். அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, நம் சங்கத்துக்குச் செயலாளராக வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? வயலையெல்லாம் கைப்பேசியோடு இணைக்கப் போகிறேன் என்றார்!

கம்பத்தில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து மண்ணுக்குள் ஒரு குச்சி. மண் காய்ந்தாலும், மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினாலும், வாய்க்கால் நிரம்பி வழிந்தாலும் கைப்பேசிக்குச் செய்தி வரும். இதுதான் திட்டம். முதல் கூட்டத்திலேயே நான் எழுந்தேன்.

"மண்ணு காஞ்சிருக்கான்னு காலால மிதிச்சா தெரியாதா? இதுக்கு ஒரு பொட்டி வேணுமா?"

"தெரியும்ணே. ஆனா காலு வயலுக்குப் போகணுமே. அது டீக்கடையில இல்ல இருக்கு."

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் சிரிக்க மாட்டேன். ஏனென்றால் நான் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் இருந்தபோது கம்பங்களை நட்டார்கள். பெட்டிகள் அருமையாகப் பேசின. படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். சோளம் ஆள் உயரம் வளர்ந்தது. பெட்டிகள் வாயை மூடிக்கொண்டன! அத்தனை இலைக்குள்ளிருந்து சிக்னல் வெளியே வரவில்லை. பயிர் வளரும் என்பதை எல்லோரும் சேர்ந்து மறந்துபோனோம். வயல்காரர்களான நாம் அத்தனை பேரும் சுற்றி நின்றுதானே பார்த்துக்கொண்டிருந்தோம்! ஒருவர் வாயிலாவது அது வந்ததா?

சரி என்று கம்பத்தை உயர்த்தினார்கள். மருந்து தெளிக்கும் வண்டியின் நீண்ட கை வந்து ஒவ்வொரு கம்பமாகத் தட்டிவிட்டது. மிச்சம் நின்ற கம்பங்களைப் பால்காரரின் மாடுகள் பார்த்தன. முதுகு அரிக்கும் மாட்டுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மாடு தேய்த்தது, கம்பம் சாய்ந்தது, குச்சி மண்ணைவிட்டு மேலே வந்தது. உடனே "மண் காய்ந்துவிட்டது, தண்ணீர் விடு" என்று செய்தி. பால்காரரும் நம்பி, சேறாகக் கிடந்த வயலுக்கு மறுபடி தண்ணீர் விட்டார். பால்காரரே, தலையைக் குனியாதீர்கள். நீங்கள் மட்டுமா விட்டீர்கள்?

எறும்பு பெட்டிக்குள் குடியேறியது. எலி கம்பியைத் தின்றது. செய்தி வந்ததே, அது நமக்குப் புரியாத மொழியில் வந்தது; படித்துச் சொல்லப் பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது. கைப்பேசியைத் திறக்க விரலை வை என்றது. என் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? எல்லாம் மண்வெட்டிக் காம்போடு போய்விட்டது. நான் வைக்க வைக்க, "நீ யார்?" என்று என் சொந்தக் கைப்பேசியே என்னைக் கேட்டது!

இத்தனையையும் யார் சரிசெய்தது? கடுப்போடு திரும்பிப் போன நாங்களா? அக்காதான். சோளத்துக்கு நடுவிலிருந்த கம்பங்களைப் பிடுங்கி, வண்டியும் பயிரும் எட்டாத வரப்பு மூலைகளில் நடவைத்தார். மாட்டுக்குத் தனியாக ஒரு கட்டை நட்டுக் கொடுத்தார், தேய்த்துக்கொள்ளட்டும் என்று. நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, செய்தியை நம் மொழிக்கு மாற்றினார். கைப்பேசி கடையில் கையெழுத்துப் போட யாரும் வராததால், எல்லாப் பெட்டிகளின் சிம் இணைப்பையும் தன் பெயரிலேயே வாங்கினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்பி வருவேன்.

எல்லாம் சரியான பிறகும் பால்காரரின் மோட்டார் எரிந்தது. செய்தி சரியான நேரத்துக்குப் போயிருந்தது. ஆனால் கைப்பேசி எங்கே இருந்தது? அவர் மகளோடு கல்லூரிக்குப் போயிருந்தது! நம் வீடுகளில் ஒரு கைப்பேசி ஒரு ஆளுடையதாகவா இருக்கிறது? ஒன்று பிள்ளை கையில் இருக்கும். இல்லையென்றால் டீக்கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் என்னைப் போலச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "அது கிடக்குது" என்று விட்டுவிடுகிற ஆளிடம் இருக்கும்.

அன்றைக்கு அக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எரிந்த மோட்டாரின் செலவுக் கணக்கை எழுதி முடித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அண்ணே, எக்ஸ்சேஞ்சுல ஒரு வீட்டுல போனை எடுக்கலைன்னா நாங்க விட்டுட மாட்டோம். பக்கத்து வீட்டுக்குப் போட்டுச் சொல்லுவோம். நம்பருக்கு அனுப்பினா சேதி போனதா அர்த்தமில்ல. ஆளுக்குச் சேரணும்."

அதன் பிறகுதான் அவர் அந்த வேலையைச் செய்தார். உலகத்தில் வேறெந்தச் செயலாளரும் செய்திருக்க மாட்டார். ஒவ்வொருவர் வயலின் செய்தியையும் அவருக்கு அனுப்பாமல் இன்னொருவருக்கு அனுப்பினார். யாருக்கு? நண்பருக்கா? இல்லை! யார் முன்னால் நம் தலை குனியக் கூடாது என்று நினைக்கிறோமோ, அவருக்கு! பால்காரரின் செய்தி அவர் சம்பந்திக்குப் போனது. நாற்றங்கால் வைத்திருக்கும் அம்மாவின் செய்தி அவருடைய ஓரகத்திக்குப் போனது. "உன் வயல் காயுது" என்று ஓரகத்தி வாயால் கேட்பதைவிட, ஓடிப்போய் மடையைத் திறப்பது மேல் அல்லவா?

என் வயலின் செய்தி என் தம்பிக்குப் போனது. அதோ, கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்கு. எங்களுக்குள் வரப்புத் தகராறு. அந்த வரப்பு என்னுடையது. அதை இங்கே பேச வேண்டாம் என்பதால் பேசவில்லை. ஆனால் அது என்னுடையது.

நான் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"என் வயல் சமாசாரம் அவனுக்கு எதுக்கு?"

"அவருக்குப் போனாத்தான் நீங்க கேப்பீங்க."

"இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்க வேணாம்ணே. மோட்டாரை மட்டும் நிறுத்துங்க."

முதல் செய்தி வந்த அன்று தம்பி வரப்பு வரைக்கும் வந்தான். என்னிடம் பேசவில்லை. தன் நாயிடம் பேசினான். "சில பேருக்கு வாய்க்கா ஒடைஞ்சு தண்ணி ரோட்டுல ஓடுறது கூடத் தெரியலடா" என்றான். நான் என் மண்வெட்டியிடம் பதில் சொன்னேன்: "சில பேருக்குச் சொந்த வேலை இல்லாததால ஊரான் வாய்க்காலைப் பாத்துட்டுத் திரியுறாங்க." சொல்லிவிட்டுப் போய் அடைத்தேன். அன்றிலிருந்து அவன் நாயிடம் சொல்கிறான், நான் மண்வெட்டியிடம் சொல்கிறேன். அந்த நாய் செத்து, அடுத்த நாயும் வந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அதன் பிறகு என் மோட்டார் ஒருமுறைகூட எரிந்ததில்லை. வாய்க்கால் உடைந்து என் தண்ணீர் வீணானதில்லை. சாயங்காலம் அலுவலகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அக்கா ஜன்னல் வழியாகக் கேட்பார்: "அண்ணே, சேதி சேர்ந்துச்சா?" நான் பதில் சொல்லாமல் போவேன். அவருக்கு அதுவே போதும். சிரித்துக்கொள்வார்.

அவரும் என் பேச்சைக் கேட்டார். எத்தனை பெட்டி வந்தாலும் ஒவ்வொரு மடைக்கும் கையால் சுற்றுகிற சக்கரம் இருந்தே தீர வேண்டும் என்றேன். மேலாளர், அது பழங்காலம் என்றார். அக்கா, "அண்ணன் சொல்றது இருக்கட்டும்" என்று சங்க விதியிலேயே சேர்த்தார். புயலடித்துச் சிக்னலும் மின்சாரமும் சேர்ந்து போனபோது எதைச் சுற்றித் தண்ணீரை வடித்தோம்? அந்தச் சக்கரத்தைத்தானே!

இனி, திரும்பி வருவேன் என்று சொன்ன விஷயம்.

எல்லா இணைப்பும் அக்காவின் பெயரில் இருக்கிறது. அக்கா இல்லை. இந்த மாதம் முடிந்தால் இணைப்புகளைத் துண்டித்துவிடுவார்கள். பெட்டிகள் ஊமையாகும். அதற்கு மேலாளர் ஒரு வழி சொன்னார். எல்லாச் செய்திகளும் நகரத்தில் அவர்களுடைய குளிரூட்டிய அறைக்குப் போகுமாம். அங்கே ஒருவர் உட்கார்ந்து பார்த்து நமக்குத் தெரிவிப்பாராம். இந்தக் கூட்டம் முடிந்ததும் கைதூக்கச் சொல்லப் போகிறார்கள்.

மேலாளர் அவர்களே, நீங்கள் நல்ல மனிதர், தெரியும். ஆனால் அந்த அறையில் உட்காருகிறவருக்கு என் தம்பியைத் தெரியுமா? நாற்றங்கால் அம்மாவின் ஓரகத்தியைத் தெரியுமா? அவர் எனக்குத்தான் அனுப்புவார். நான் என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அவ்வளவுதானே? நான் எதிர்க்கிறேன்! அன்றைக்குப் பெட்டியை எதிர்த்தேன், இன்றைக்குப் பெட்டியின் செய்தியை நம்மிடமிருந்து பிடுங்குவதை எதிர்க்கிறேன். இரண்டும் ஒரே எதிர்ப்புதான். என்னைக் கேட்காமல் என் வயலில் எதையும் செய்யாதீர்கள் என்பதுதான் அது.

இணைப்புகளை என் பெயருக்கு மாற்ற நேற்று கடைக்குப் போனேன். ஆமாம், நான்தான் போனேன். யாரும் வியக்க வேண்டாம். அந்தப் பெண் விரலை வைக்கச் சொன்னாள். பெருவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எல்லாம் வைத்தேன். துடைத்து வைத்தேன், ஈரப்படுத்தி வைத்தேன். "தாத்தா, உங்க விரல்ல ஒண்ணுமே இல்லையே" என்றாள். இயந்திரம் என்னை ஏற்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்தச் சங்கத்தில் யாருக்கு ரேகை தேயாமல் இருக்கும்? எவன் மண்வெட்டி பிடிக்கிறபோதெல்லாம் துணி சுற்றிப் பிடித்தான்? எவன் கை, பிறந்த குழந்தையின் கை மாதிரி இன்னும் வழவழவென்று இருக்கிறது? என் தம்பிக்குத்தான்! சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். ஆகவே அவன் விரலை வைக்கட்டும். இணைப்புகள் அவன் பெயரில் இருக்கட்டும். கம்பங்களைச் சுற்றிவந்து பார்ப்பதும், எறும்பைத் தட்டுவதும், எலி கடித்த கம்பியை மாற்றுவதும் என் வேலை. யார் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று அக்கா வைத்த முறையில் ஒன்றைக்கூட யாரும் தொடக் கூடாது. என் வயலின் செய்தி அவனுக்கே போக வேண்டும். இது அக்காவின் மகள் முன்னால், இந்தச் சபை முன்னால் நான் தருகிற வாக்கு. இதைச் சமாதானம் என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். வரப்பு என்னுடையது.

என்ன சத்தம் அது?

எல்லோரும் பின்னால் திரும்புகிறீர்கள். நம் பெட்டிகளின் மணிச் சத்தம்தானே அது! தூணுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. அவன் கைப்பேசி. அப்படியென்றால் வயல் என்னுடையது.

எழுந்து நிற்கிறான் பாருங்கள். சுற்றிலும் தேடுகிறான். நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்! என்னப்பா? உரக்கச் சொல், சபைக்குக் கேட்கட்டும்.

"அண்ணே, பேசினது போதும். உங்க மோட்டாரை நிறுத்தாம வந்துட்டீங்க. வாய்க்கா நிரம்பி வழியுது, வாங்க."

கேட்டீர்களா, உறவுகளே? எத்தனை வருடத்துக்குப் பிறகு நடுவில் நாயும் இல்லாமல், மண்வெட்டியும் இல்லாமல்! தலைவரே, உங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தெரியும். தண்ணீர் காத்திருக்காது. தம்பி, நீ முன்னால் போ. மோட்டாரை நிறுத்து; மடைச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், இடது பக்கம் சுற்று. நான் பின்னாலேயே வருகிறேன்.

ஒரே ஒரு சொல்லோடு இறங்கிவிடுகிறேன். அக்கா, ஜன்னல் வழியாக எத்தனையோ சாயங்காலம் கேட்டீர்கள், ஒருநாளும் நான் பதில் சொன்னதில்லை.

சேர்ந்துச்சு அக்கா. சேதி சேர்ந்துச்சு.