தண்ணீரல்ல, கொழுப்பு என்று சொன்ன எக்கோ அக்காவுக்கு

இருட்டறையில் அமர்ந்து எண்ணற்ற இதயங்களைக் கண்டவரே! எட்டு மணிப் பணிக்கு ஏழே முக்காலுக்கே இருக்கையில் இருப்பவரே! ஏழையென்றும் எசமானென்றும் பாராமல், எல்லோர் நெஞ்சிலும் ஒரே குளிர்ந்த பசையைத் தடவி, ஒரே கனிவோடு ஒருக்களித்துப் படுக்கச் சொன்னவரே! எங்கள் எக்கோ அக்கா அவர்களே! முப்பத்துநான்கு ஆண்டுப் பணியை முடித்து இன்று மாலை ஓய்வு பெறும் தங்களை, இம்மருத்துவமனையின் நான்கு மாடிப் பணியாளர்களும் ஒன்றுகூடி, உள்ளம் உவந்து, கரம் குவித்து வாழ்த்துகிறோம்!

மடல் என்றால் மலையைத் தூக்கி மடியில் வைப்பதுபோல் புகழ வேண்டும் என்பது மரபு. தாங்களோ, மிகைப்படுத்தி எழுதினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவதாக நேற்றே மிரட்டிவிட்டீர்கள். சொன்னதைச் செய்யும் ஆள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே நடந்த ஒன்றை மட்டும் நடந்தபடி சொல்கிறோம். அதற்கு உரியவரான எங்கள் பண்டகக் காப்பாளர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இம்மடலைப் படித்துப் பார்த்து, தம்மைப் பற்றிய இரண்டு புகழுரைகளை அடித்துவிட்டு, தங்களைப் பற்றி மூன்றைச் சேர்த்தவரும் அவரே.

ஓரத்தில் எழுதி உயிர்களைக் காத்த உத்தமியே!

இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவின் அறிக்கைப் படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள் உண்டு. இதய அறைகளின் அளவுக்கு இடமுண்டு, வால்வுக்கு இடமுண்டு, சுருங்கி விரியும் திறனுக்கு இடமுண்டு. இதயத்தின் மேல் போர்வை போலப் படிந்த கொழுப்புக்கு மட்டும் இடமில்லை. கட்டம் இல்லாததைக் கண்டுகொள்ளாமல் விடுவதே ஊர் வழக்கம். தாங்களோ பென்சிலைச் சீவி, படிவத்தின் ஓரத்தில், 'கொழுப்புப் படலம் தடிப்பு. சர்க்கரை பார்த்தால் நல்லது' என்று எழுதி வைத்தீர்கள். இதயத்தைப் பார்க்கச் சொன்னால் இரத்தத்துக்கு வைத்தியம் சொல்கிறாரே என்று சில மருத்துவர்கள் சிரித்ததும் உண்டு. படலம் தடித்தவர்களிடம் சர்க்கரை நோயும், சர்க்கரை நோயாளிகளிடம் தடித்த படலமும் அடிக்கடி இருப்பதைத் தங்கள் கண்களே கண்டிருந்தன. எது முதலில் வருகிறது, எது எதை இழுத்துவருகிறது என்று கற்றறிந்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் அந்த வாதத்துக்கே போகவில்லை. இரண்டும் சேர்ந்தே திரிகின்றன, ஒன்றைக் கண்டால் மற்றொன்றைத் தேடிவிட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பண்டகக் காப்பாளர் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறி வருவதற்குள் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். அவருக்கு ஒட்டடைக்கம்பு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். பக்கவாட்டில் திரும்பினால் ஆளையே தேட வேண்டும். அவர் உடம்பில் கொழுப்பா என்று கேட்டால் குழந்தையும் சிரிக்கும். தங்கள் கட்டிலில் அவர் படுத்தபோது, திரையில் இதயத்துக்கு முன்னால் கரிய பட்டை ஒன்று தெரிந்தது. அந்த மாதம்தான் பணியில் சேர்ந்திருந்த மருத்துவர் அதைப் பார்த்தார். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, ஊசி செலுத்தி எடுத்துவிடலாம் என்றார். ஊசித்தட்டு வந்தது. அந்த ஊசியின் நீளம் அங்கிருந்த எவரையும்விடப் படுத்திருந்தவருக்கே நன்றாகத் தெரியும். பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தவர் அவரல்லவா! மனைவிக்குச் சொல்லி அனுப்பச் சொல்லலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, தாங்கள் கருவியை அவர் நெஞ்சிலிருந்து எடுக்க மறுத்துவிட்டீர்கள்.

"டாக்டர், இது தண்ணி இல்லைங்க. தண்ணின்னா கன்னங்கரேல்னு இருக்கும், பின்பக்கமும் தெரியும். இது முன்னாடி மட்டும் இருக்கு, உள்ள புள்ளி புள்ளியா இருக்கு, துடிக்கிறப்ப கூடவே அசையுது. கொழுப்புங்க. குத்தாதீங்க."

மருத்துவரின் முகம் சிவந்தது. ஆனால் அவரும் பெருந்தன்மைக்காரர். தட்டைத் தள்ளிவைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மீண்டும் பார்த்தார். மூத்த மருத்துவரை அழைத்தார், சி.டி. எடுக்கச் சொன்னார். கொழுப்புதான். குத்தியிருந்தால் நீர் வந்திருக்காது, இதயம்தான் கிழிபட்டிருக்கும். ஊசி பண்டக அறைக்கே திரும்பிப் போயிற்று.

விடாப்பிடியின் விளைநிலமே! வேண்டாமென்றாரையும் வழிக்குக் கொணர்ந்த வித்தகியே!

உயிர் தப்பியவர் உடனே சர்க்கரை பார்த்தாரா என்றால், இல்லை. தாம் காப்பியில்கூடச் சர்க்கரை போடுவதில்லை என்றார். ஒல்லியானவனுக்கு ஏது சர்க்கரை என்றார். அடுத்த வாரம் என்றார். உள்ளே இருந்த காரணம் வேறு. அவருடைய தந்தைக்கு சர்க்கரையால் முதலில் ஒரு கால்விரல் போயிற்று, பிறகு பாதம் போயிற்று. இருபது வயதில் அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டுப் போட்டவர் அவர். பரிசோதனைக்குப் போனால் அந்தப் புண்ணின் வாடை தம் வீட்டுக்கும் வந்துவிடும் என்று அவர் மனம் நடுங்கியது. பார்க்காத சர்க்கரை இல்லாத சர்க்கரை என்று தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டார்.

மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு புட்டிப் பசைக்குத் தேவைச்சீட்டு எழுதுவதே தங்கள் வழக்கம். அந்த மாதம் தினம் ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு புட்டி! காலை ஒன்பது மணிக்குப் பண்டக அறை வாசலில் போய் நிற்பீர்கள். அவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும். கையெழுத்திடும்வரை, ஆய்வகத்துக்குப் போனாரா என்ற தங்கள் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அவர் எரிந்து விழுந்தார். ஒளிந்துகொண்டார். ஒருநாள் விடுப்பே எடுத்தார். பதினோராம் நாள், தந்தையின் கதையைத் தாமே சொல்லி, அதனால்தான் தமக்கு இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். தாங்கள் அவர் மேசைமேல் சீட்டை வைத்துவிட்டுச் சொன்னது இது:

"உங்க அப்பாவோட காலை எடுத்தது சர்க்கரை மட்டுமில்ல தம்பி. பாக்காம விட்ட வருஷங்களும்தான்."

அன்று மதியமே அவர் ஆய்வகத்துக்குப் போனார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அழுதார், பிறகு மாத்திரை எடுத்தார், தட்டில் சோற்றைக் குறைத்தார், உணவு இடைவேளையில் வளாகத்தை நான்கு முறை சுற்றி நடந்தார். ஓராண்டு கழித்துச் சராசரி ஆறரைக்கு இறங்கியது. இதயத்தின் மேலிருந்த படலமும் மூன்று மில்லிமீட்டர் மெலிந்தது. இன்று மூன்றாம் மாடிக்கு ஒரே மூச்சில் ஏறுகிறார், கால்விரல்கள் பத்தும் பத்திரமாக.

எல்லோரையும் பார்த்தவரே! தங்களைப் பார்க்க மறந்தவரே!

போன மாதம் தாங்கள் ஓய்வுக்கான ஒப்படைப்புச் சான்றில் கையெழுத்து வாங்கப் பண்டக அறைக்குப் போனீர்கள். தங்களிடம் இருந்த பொருள்கள் யாவும் சரியாகவே இருந்தன. ஆனாலும் அவர் பேனாவை மூடி, சான்றைத் தம் பையில் வைத்துக்கொண்டார். கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று கேட்டார். நேரமில்லை என்றீர்கள், நன்றாகத்தானே இருக்கிறேன் என்றீர்கள், ஓய்வு பெற்றபின் நிதானமாக என்றீர்கள். இந்தப் பாடங்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். பார்த்துவிட்டு வந்தால்தான் கையெழுத்து என்றார். இந்த மருத்துவமனையில் தங்களிடம் அப்படிப் பேசத் துணிந்தவர் வேறு எவருமில்லை. சட்டப்படி அது தவறுதான். கண்காணிப்பாளர் அதைக் கேட்டும் கேளாதவராக இருந்துவிட்டார்.

மூன்று வாரம் வீம்பு பிடித்தீர்கள். முந்தாநாள் காலை, தங்கள் கட்டிலில் தாங்களே ஒருக்களித்துப் படுத்தீர்கள். அன்று ஊசித்தட்டு கேட்ட அதே மருத்துவர்தான் கருவியைப் பிடித்தார். படலம் ஏழு மில்லிமீட்டர்; ஐந்தைத் தாண்டினாலே தடிப்பு. மதியம் ஆய்வகச் சீட்டும் வந்தது, சர்க்கரை இருக்கிறது. ஆரம்பம்தான், அடக்கிவிடலாம் என்றார் மருத்துவர். தாங்கள் அதை ஒளிக்கவில்லை. உணவறைக்கு வந்து எங்கள் எல்லோர் முன்னும் சொன்னீர்கள்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குப் பாக்கத்தான் பயமா இருந்துச்சு. இப்ப நிம்மதியா இருக்கு."

பண்டகக் காப்பாளர் சட்டைப் பையிலிருந்து தங்கள் சான்றை எடுத்து, உணவு மேசையிலேயே வைத்துக் கையெழுத்திட்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன, எங்கள் கண்களும்தான்.

அருமை அக்கா அவர்களே! நெடுநாள் வாழ்க, நோயின்றி வாழ்க என்று வாயளவில் வாழ்த்திவிட்டு வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை. தங்களுக்கு நோய் இருக்கிறது; அதோடு நெடுங்காலம் நலமாக வாழ வழியும் இருக்கிறது. அந்த வழியில் தாங்கள் நடக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு வாருங்கள். பதிவேட்டில் தங்கள் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டோம். எட்டேகாலுக்குள் வராவிட்டால், பண்டகக் காப்பாளர் தங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இத்தனை காலம் எங்கள் நெஞ்சைத் தாங்கள் பார்த்தீர்கள். இனித் தங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட,
நான்கு மாடிப் பணியாளர்கள்